தலைநகரத்து இரைச்சலும் தங்கை தோராவும்

அயோவா,
மே 2006

மாநிலத் தலைநகர வானொலியில் பொறியாளராக இருக்கும் என் தம்பி மகன் ஆர்லனுக்கு, குட்ரன் அத்தை எழுதுவது. நானும் பதினொரு பசுக்களும் சௌக்கியம். நீயும் உன் குடும்பமும் சௌக்கியமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். 1961 ஈஸ்டர் அன்று நீ என் கோழிக்கூண்டைத் திறந்துவிட்டதை மறக்கவில்லை, இருந்தாலும் வேண்டுகிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் நிலையம் டிஜிட்டலுக்கு மாறிய நாளிலிருந்து, எங்கள் ஊர்ச் சின்ன நிலையத்தில் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு உன் சின்ன அத்தை தோரா சமையல் சொல்வது கேட்பதில்லை. பன்றிக்கறி வறுபடுகிற சத்தம்தான் கேட்கிறது. அம்மாவை அடக்கம் செய்த அன்றே லெஃப்ஸா ரொட்டி சுடும் கல்லைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். முப்பத்திரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. என்னவெல்லாம் தப்பாகச் சொல்கிறாள் என்று பார்க்கத்தான் ஒரு வாரம்கூட விடாமல் கேட்டுவந்தேன். வேறு எண்ணம் கிடையாது.

போனில் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "அத்தை, எங்க முறையில பழைய குரல் நடுவுல போகும், டிஜிட்டல் ரெண்டு பக்கமும் போகும். பக்கத்து நிலையத்து மேல கொஞ்சம் வழியத்தான் செய்யும்." அதாவது உன் வயலை உழுகிறேன் என்று வேலி தாண்டி என் சோளத்தையும் சேர்த்து உழுகிறாய். சின்ன நிலையத்துக்காரர் மைலோவைச் சர்ச்சில் காப்பி குடிக்கும்போது பிடித்தேன்.

"ஐரோப்பாக்காரன் முறைதான் சுத்தம், அக்கா. முழுக்க டிஜிட்டல், இரைச்சலே இருக்காது."

"என் ரேடியோப் பெட்டியில கேக்குமா?"

"கேக்காது. புதுப் பெட்டி வேணும்."

"எங்க விக்குது?"

"இங்க இன்னும் யாரும் விக்கல."

நீ வேலியைத் தாண்டுகிறாய். அவர் வீட்டையே இடித்துவிட்டுப் புது வீட்டுக்குப் படம் வரைந்து காட்டுகிறார். எந்த முறை ஜெயித்தாலும் தோரா ஊமை.

எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் தெரிந்துகொள்ள ஆசை. தோராவின் குரல் எந்த இடத்திலாவது தப்பிப் பிழைத்திருக்காதா என்று பெட்டியோடு தேடினேன், குளிர்பெட்டி மேல் வைத்தால் சீறியது, கொட்டிலில் வைத்தால் பசுக்கள் பாலை அடக்கிக்கொண்டன, டிராக்டரில் வைத்துக்கொண்டு வயலைச் சுற்றினேன், கடைசியில் கல்லறை மேட்டில் உன் மாமாவின் கல்மேல் வைத்து, பெட்டியின் விலாவைத் தலைநகரத்துப் பக்கம் திருப்பினேனோ இல்லையோ, இரைச்சல் அடங்கித் தோரா பேசுகிறாள்! இது எப்படி என்று எழுது. நாலு செவ்வாயாக உன் மாமா பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்கிறேன். ருபார்ப் தண்டு வைத்துச் சுடும் இனிப்புப் ‘பை’யில் பட்டை போடச் சொல்கிறாள். அம்மா போட்டதே இல்லை.

எனக்கு எண்பத்தொன்று, அவளுக்கு எழுபத்தெட்டு. நீயும் மைலோவும் எந்த முறை நல்லது என்று சண்டை போட்டு முடிக்கும்வரை அவளும் இருக்க வேண்டும், என் காதும் இருக்க வேண்டும். ஆகையால் அந்த டிஜிட்டலை உடனே நிறுத்து.

உன் மனைவிக்கு அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உனக்கு, நிறுத்திய பிறகு.

குட்ரன் அத்தை

பி.கு.: தபாலில் போடுவதற்குள் இன்று செவ்வாய் வந்துவிட்டது. மேட்டுக்குப் போனால் பெட்டியில் தோராவுக்குப் பதில் போல்கா பாட்டு ஓடுகிறது. மனம் பதறி நிமிர்ந்தால் எதிரே தோரா. நான் வாராவாரம் கல்லறையில் அழுவதாக ஊரார் சொன்னார்களாம்.

"ஏக்கா, என்னோட பேச மாட்ட, செத்தவரோட மட்டும் பேசுவியா?"

"அவர்கிட்ட யாருடி பேசினா? உன் குரலைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்று வாய் தவறிவிட்டது. சமாளிக்கப் பட்டையைப் பற்றி ஆரம்பித்தேன். மத்தியானம் வரை சண்டை. பெட்டியில் கேட்காத வரைக்கும் வாராவாரம் நேரிலேயே வந்து சொல்கிறாளாம். ஆகையால் எதையும் நிறுத்திவிடாதே. முடிந்தால் இரைச்சலை இன்னும் கொஞ்சம் கூட்டி வை.