ஒரு ரிங் சம்மதம், இரண்டு ரிங் வேண்டாம்

ஆரணி

அன்புள்ள மைத்துனர் ஹேமநாத் அவர்களுக்கு, மாமா தமிழ்வாணன் எழுதுவது. இங்கு ஒருவரும் நலமில்லை. தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அக்கா வீட்டில் நெருப்பு வைத்தவருக்கு என்ன குறை! இனி போனைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன்.

தெள்ளார் சிவப்பிரகாசம் மகனுக்கு நம் ஜெயப்ரியாவைப் பேசப் போன தாங்கள், முடிவை வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவங்க எதிர்ல எப்படி மாமா பேசறது? நான் டெலிபோன் கம்பெனிக்காரன், கோடு வச்சிக்கலாம், ரகசிய சைகை மாதிரி. ஆமா, இல்லைன்னு ரெண்டே நிலை இருந்தா பத்தாது. நிலை கூடக் கூட ஒரே சிக்னல்ல நெறைய விஷயம் போவும்" என்று பாடம் எடுத்தீர்கள். ஒரு ரிங் அடித்து நின்றால் சம்மதம், இரண்டு என்றால் வேண்டாம், மூன்று என்றால் யோசிக்கிறார்கள், அடிக்கவே இல்லையென்றால் பேச்சு நடக்கிறது. நானும் மண்டையை ஆட்டினேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

அன்னைக்குப் பார்த்து தறியில பழைய பாவு நூலோட புதுப் பாவு நூலை இழை இழையா முறுக்கிப் புணைச்சிகினு இருந்தேன். நூல் வழுக்காம முறுக்கத் தொட்ட சாம்பல் கையெல்லாம், நடுவுல எழுந்தா இழை மாறிடும்னு போனை ஜெயப்ரியா கிட்ட குடுத்து எண்ணச் சொன்னேன். "ரெண்டுப்பா"ன்னா. எனக்கு வந்ததே கோவம், போனைப் பிடுங்கி சிவப்பிரகாசத்தைக் கூப்பிட்டு, "எம்பொண்ணை வேணாம்னு சொல்ல உனக்கு என்னா தெகிரியம்யா"ன்னு ஆரம்பிச்சு அவங்க பரம்பரையையே இழுத்துட்டேன். அந்த மனுசன் அப்பதான் சம்மதம்னு சொல்லி உன் வாயில ஸ்வீட் ஊட்டிகினு இருந்தாராம்! சம்பந்தமும் போச்சு, மானமும் போச்சு. "ஒண்ணுதான் விட்டேன்"னு நீ சாதிக்கிற. போன் ரிப்பேர் கடைக்காரரைக் கேட்டேன், உன் காதுல கேக்கிற ரிங்கும் இங்க அடிக்கிற ரிங்கும் சேந்து வராதாம், அங்க ஒண்ணுன்னா இங்க ரெண்டா அடிக்கலாமாம். கம்பெனிக்காரனுக்கு இது தெரியாதா? உன் பேஜார் புடிச்ச கோடால எம்பொண்ணு கல்யாணம் நின்னுபோச்சுடா. இனிமே என் வாசப்படி மிதிக்காத.

உன் அக்கா லீலா உன்னை விசாரித்தாள். நான் விசாரிக்கவில்லை. எங்கிருந்தாலும் நூறாண்டு இரு.

இப்படிக்கு,
தமிழ்வாணன்

பி.கு.: தபாலில் சேர்க்கச் சொல்லி இதை ஜெயப்ரியாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஒண்ணுதான்பா அடிச்சுது. ரெண்டுன்னு நான்தான் சொன்னேன். அவங்க ஆமான்னா எத்தினி, வேணாம்னா எத்தினின்னு வச்சீங்களே, எனக்கு ஒரு ரிங்காவது வச்சீங்களா?" என்கிறாள். நீ ஜல்தி புறப்பட்டு வாப்பா.