புனிதர் சார் வீட்டு இரண்டாவது தட்டு

திருவண்ணாமலையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். வரப்போகிற விருந்தாளி எந்த விதத்தில் செத்தார் என்று பார்த்து அதற்கேற்ற மெனு போடுகிறவர் புனிதர் சார் ஒருவர்தான்.

வேங்கிக்காலில் நான் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடிப் போர்ஷன் அவருடையது. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், மகன் கனடாவில். கத்தோலிக்கர். அவர்கள் காலண்டரில் அநேகமாக எல்லா நாளும் யாராவது ஒரு புனிதரின் திருநாள். பார்த்தால் வணக்கம் சொல்லமாட்டார். "இன்னிக்கு புனித செபஸ்தியார்" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் பெயர் வாசலில் எழுதியிருந்தும் யாரும் படித்ததில்லை. புனிதர் சார்தான்.

ஒரு ஆகஸ்ட் காலையில் மாடியிலிருந்து புகை இறங்கியது. தீ விபத்து என்று நானும், கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் மல்லிகா அம்மாவும் மேலே ஓடினோம். சார் கம்பி வலையில் மீனைப் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு புனித லாரன்ஸ்ங்க. இரும்புக் கட்டில்ல படுக்கவெச்சு நெருப்பு மூட்டிட்டாங்க. அப்பகூட அவரு, 'இந்தப் பக்கம் வெந்துடுச்சு, திருப்பிப் போடுங்க'ன்னாராம்."

சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டார்.

"ஏன் சார், இதச் சொல்லிட்டா சாப்பாடு குடுப்பீங்க?" என்றார் மல்லிகா அம்மா.

திருமுழுக்கு யோவான் பாலைவனத்தில் வெட்டுக்கிளியும் தேனும் சாப்பிட்டவர். மார்க்கெட்டில் வெட்டுக்கிளி இல்லாததால் காய்ந்த எறாவை வறுத்துத் தேன் ஊற்றினார். பக்கத்துப் போர்ஷன் ஆட்டோ குமார் அதைச் சாப்பிட்டுவிட்டு, "சார், அவரு பாலைவனத்துல இருந்தாரு, வேற வழியில்ல. எனக்கு இன்னா தலையெழுத்து?" என்று கேட்டான்.

கண்ணைப் பறிகொடுத்த புனித லூசியாவின் நாள் கார்த்திகை மாதத்தில் வந்தது. அந்த மாதம் மல்லிகா அம்மா வீட்டில் முட்டைகூட ஆகாது. சார் மறுபேச்சில்லாமல் லூசியாவைச் சைவமாக்கினார். நான் டப்பாவைத் திறந்தபோது, நடுவில் ஆளுக்கொரு கறுப்பு திராட்சையோடு இரண்டு இட்லிகள் என்னைப் பார்த்தன. நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு ஒரு கண்ணை மட்டும் சாப்பிட்டேன்.

எல்லாமே டப்பாவில்தான். அங்கேதான் சாருக்குக் குறை. சமைத்து முடித்ததும் மேஜையில் இரண்டு தட்டு வைப்பார். ஒன்று நிமிர்ந்திருக்கும், இன்னொன்று கவிழ்ந்திருக்கும். அவர் வீட்டில் இருந்ததே அந்த இரண்டு தட்டும் இரண்டு நாற்காலியும்தான். "உக்காந்து சாப்ட்டுப் போங்களேன்" என்பார். மல்லிகா அம்மாவுக்கு அடுப்பில் பால் இருக்கும். குமாருக்குச் சவாரி இருக்கும். எனக்குப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்ப வேண்டியிருக்கும். "கட்டிக் குடுத்துடுங்க சார்" என்போம். மறுநாள் டப்பாவை வெறுமனே தராமல் சர்க்கரையோ வாழைப்பழமோ போட்டுத் தருவோம். அவருக்குச் சர்க்கரை வியாதி. மேல்வீட்டில் சர்க்கரை மட்டும் சேர்ந்துகொண்டே போனது.

எதற்கு இவ்வளவு பாடு என்று ஒரு முறை கேட்டேன்.

"எனக்கு மட்டும்னா ரசம் வெக்கக்கூட கை ஓடாதுங்க. யாராச்சும் வராங்கன்னாதான் ஓடும். இந்தப் புனிதருங்கதான் தேதி தவறாம வராங்க."

நான் டப்பாவை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

போன வருடம் மல்லிகா அம்மாவுக்கு மனசு உறுத்தியது. "வருஷம் பூரா அவரு குடுக்கறாரு. அவங்க பண்டிகைக்கு நாம ஒண்ணும் பண்ணலன்னா நல்லாவா இருக்கு? குட் ஃப்ரைடேக்கு கவர்மென்ட்டே லீவு விடுது. பெரிய பண்டிகையாத்தான் இருக்கும்" என்று குமாரிடம் சொல்லியிருக்கிறார். நான் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, குமார் பிரியாணி அண்டாவோடும் மல்லிகா அம்மா கேசரியோடும் படியேறிக்கொண்டிருந்தார்கள். நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் குமார் கதவைத் தட்டிவிட்டான்.

"ஹேப்பி குட் ஃப்ரைடே சார்!"

வெள்ளைச் சட்டையில், கையில் கஞ்சி டம்ளரோடு நின்றார் சார். அண்டாவைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றார்.

கவிழ்ந்திருந்த தட்டை அவரே நிமிர்த்தி மல்லிகா அம்மா முன் வைத்தார். தன் தட்டைக் குமாருக்குக் கொடுத்தார். எனக்குத் தட்டு இல்லாததால் கீழே போய் என்னுடையதை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தேன். பிரியாணி பாதி இறங்கியபோதுதான் மல்லிகா அம்மா கேட்டார்.

"நீங்க சாப்பிடல?"

"எனக்கு இன்னிக்குக் கஞ்சிதாம்மா. கறி ஆகாது. எங்க ஆண்டவர் இறந்த நாள்."

மல்லிகா அம்மாவின் கை வாயருகே நின்றது. "அய்யய்யோ, துக்க நாளா! யோவ் குமாரு, மூடுய்யா அண்டாவ!"

மூவரும் எழுந்தோம். சார் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

"யாரும் எழுந்திரிக்கக் கூடாது! துக்கம்னா நாலு பேரு வந்து உக்காரணும். அதானே வழக்கம்?"

உட்கார்ந்தோம். குமார் தன் வாழ்நாளில் அவ்வளவு சத்தமில்லாமல் கோழிக்காலைக் கடித்திருக்கமாட்டான். சார் ஒவ்வொரு மடக்காகக் கஞ்சி குடித்தார். நாங்கள் முடிக்கும்வரை அவரும் முடிக்கவில்லை. பிறகு, கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கேசரிய மட்டும் ஃப்ரிட்ஜில வெச்சிடும்மா. ஞாயித்துக்கெழம ஆண்டவர் எழுந்துடுவாரு, அப்ப எல்லாரும் வாங்க."

இப்போதும் மாடியிலிருந்து கருகல் வாசனை வருகிறது. யார் எப்படிச் செத்தார் என்று நான் விசாரிப்பதில்லை. டப்பாவும் எடுப்பதில்லை. என் தட்டை எடுத்துக்கொண்டு படியேறிவிடுகிறேன்.