எரியாத சுவர் தேடிய கம்முனு சார்

விழுப்புரம் ஜங்ஷனை ஒட்டி வீடு எடுத்துக்கொண்டு, கொசு பறந்தாலும் கேட்கிற மாதிரி அமைதியான அறை கட்ட ஆசைப்பட்டவர் இந்தப் பூமியிலேயே கம்முனு சார் ஒருவர்தான். யார் வாயைத் திறந்தாலும் "கம்முனு இருங்க" என்பார். அதுவே பேராக நின்றுவிட்டது. நிஜப் பெயர் எனக்கு மறந்தே போயிற்று.

அறுபதுகளின் ஆரம்பம். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒரே வீட்டில் முன்பக்கம் அவர் குடித்தனம், பின்பக்கம் நான். பிரெஞ்சுப் படைக்காகச் சண்டைபோட்டுச் சைகோனிலிருந்து புதுச்சேரி திரும்பிய பட்டாளத்துக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு டேப் ரிக்கார்டரை வாங்கி வந்தார். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று.

அவர் மனைவி திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். அந்த அம்மாள் பாடினால் தெருவில் போகிறவன் சைக்கிளை விட்டு இறங்குவான். அந்தக் குரலைப் பிடித்து வைக்க வேண்டும், அதுதான் கம்முனு சாரின் ஒரே கனவு. பிடித்தார். போட்டுப் பார்த்தால் பாட்டு ஒரு வரி, மீதியெல்லாம் இன்ஜின் ஊதல்.

"சொவத்த மூடணும் சார். சத்தம் உள்ளாற வரவே கூடாது."

முதலில் வைக்கோல். சுவர் நெடுக வைக்கோலை அடைத்து, மேலே வேர்க்கடலை வந்த மல்லாட்டைக் கோணியை வைத்து ஆணியடித்தார். எலிகள் குடும்பத்தோடு குடிவந்தன. ஒரு மத்தியானம் உள்ளே உட்கார்ந்து ஏதோ ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தவர், சூடான இரும்பைக் கோணிமேல் சாய்த்துவிட்டார். சுவர் பற்றிக்கொண்டது. அவர் டேப் ரிக்கார்டரைப் பிடித்து இழுக்க, அம்மாள் அவர் காலரைப் பிடித்து இழுக்க, நானும் தெருக்காரர்களும் கிணற்றுத் தண்ணீரை வாரி இறைத்தோம். மிஷின் பிழைத்தது. அவர் புருவங்கள் போயின.

அம்மாள் சொன்னார்: "எரியாத சாமானா பாத்துக் கட்டுங்க. இல்லன்னா பாட்டும் வாணாம், ஒண்ணும் வாணாம், நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்."

எரியாத சாமான் என்றதும் கடைக்காரர் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைக் கையில் கொடுத்தார். நெருப்பே அண்டாது என்று சத்தியம் செய்தார். கம்முனு சார் வீட்டுக்குள்ளேயே வைத்து அறுத்துச் சுவரில் அடித்தார். சோற்றில், தலையில், மூக்கில் எல்லாம் வெள்ளைத் தூசி. அது நெஞ்சுக்கு எமன் என்று எங்கள் தெருவில் யாருக்குத் தெரியும்? பத்திரமான சாமான் என்று இருமிக்கொண்டே நம்பினோம். ஆனால் அந்த அறையில் ஒருவர் இருமினால் நாலு பேர் இருமுவதுபோல் எதிரொலித்தது. தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டார்.

அப்புறம் கொல்லையில் பரீட்சை ஆரம்பித்தது. கண்ணில் பட்ட சாமானுக்கெல்லாம் தீக்குச்சி வைத்துப் பார்த்தார். தேங்காய் நார் புகைந்து எரிந்தது. இலவம்பஞ்சு வைத்த மாத்திரத்தில் காணாமல் போயிற்று. வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியது. நான் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரம் ஒரு கூச்சல்.

"சார்! ஜல்தி வாங்க சார்! இது எரியவே மாட்டேங்குது! கருகிக்கினு தானா அணைஞ்சிடுது சார்!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கொடியில் காயப் போட்டிருந்த என் கம்பளி ஸ்வெட்டர். நெஞ்சுப் பக்கம் ஒரு பெரிய ஓட்டை. அதற்குள் விரலை விட்டு ஆட்டிக்கொண்டு, புருவமில்லாத முகத்தோடு அவர் சிரித்தார்.

ஏலத்தில் பழைய கம்பளிகள் வாங்கினார். சுவரைவிட்டு நாலு விரல் தள்ளிக் கட்டை அடித்து, அதில் கம்பளியை இரட்டையாகத் தொங்கவிட்டார். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். உள்ளே போய் நின்றேன். ரயில் எங்கோ வேறு ஜில்லாவில் ஓடுவதுபோல் இருந்தது. சித்திரை வெயில் மட்டும் எங்களோடு உள்ளேயே இருந்தது. மின்விசிறி போடக்கூடாது, சத்தம் வரும்.

அம்மாளை உட்காரவைத்து மிஷினைச் சுழலவிட்டார். அம்மாள் வாயே திறக்கவில்லை.

"பாடேன்."

"வரமாட்டேங்குதுங்க."

"ஏன் வரமாட்டேங்குது?"

"மாவு ஆட்டிக்கினு பாடுவேன், நாத்து நட்டுக்கினு பாடுவேன். கையில வேல இல்லாம சும்மா குந்திக்கினு பாடுன்னா எப்டிங்க வரும்?"

கம்முனு சார் என்னைப் பார்த்தார். நான் கம்பளியைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் ஆட்டுக்கல்லை உருட்டி உள்ளே கொண்டுபோனோம். அம்மாள் அரிசியைப் போட்டார், குழவியைச் சுற்றினார், பாட்டு தானாக வந்தது. வேர்வையில் நனைந்து வெளியே வந்து டேப்பைப் போட்டோம். கடகடகடவென்று கல் மட்டும் ஓடியது. ரயிலே தேவலை என்றிருந்தது.

"அவ்ளோதான் சார். எல்லாம் போச்சு," என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். "போவுது உடுங்க. நான்தான் தெனம் பாடறனே, எதுர்ல குந்திக்கினு கேளுங்களேன்."

அந்த வருஷமே எனக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைவிட்டு இறங்கி, கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல் மிஷினை அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார் கம்முனு சார். புருவம் முளைத்திருந்தது.

"என்னென்னமோ பண்ணி வடிகட்டிட்டேன் சார். இப்ப கொரலு தெளிவா வருது. நீங்க கேக்கணும்."

போட்டார். கடகடகட. அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கேக்குதா சார்?"

"கேக்குதுங்க," என்றேன். எனக்குக் கல்லைத் தவிர ஒன்றுமே கேட்கவில்லை.

அவர் சந்தோஷம் தாங்காமல் டேப்பைப் பின்னால் சுற்றி மறுபடியும் போட்டார். அந்த இரண்டாம் தடவை எனக்கும் லேசாகக் கேட்ட மாதிரிதான் இருந்தது.