பேச்சாளர் வீட்டில் விசேஷம்

உடும்பஞ்சோலை,
சனிக்கிழமை.

பாலக்காட்டு மடத்தில் இறைப்பணி செய்யும் என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சிஸ்டர் அன்னாள் அக்காவுக்கு, தம்பி பாஸ்கல் எழுதிக்கொள்வது. சேசுவுக்குத் தோத்திரம். நானும் இருதயம்மாளும் மாதா தயவில் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். இங்கே ஏலக்காய் எடுப்பு நடக்கிறது. மழை விடவில்லை. விஷயத்துக்கு வரப் பயந்துதான் மழையைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

விஷயம் என்னவென்றால், இருதயம்மாள் முழுகாமல் இருக்கிறாள். அவளுக்கு நாற்பத்தி நாலு வயசு, எனக்கு ஐம்பத்தொண்ணு, என் மக, உங்க மருமக ஜிஸ்மி கோயமுத்தூர்ல நர்சிங் கடைசி வருஷம். நான் நம்ம கோயில் உயிர்காப்புக் குழுவுக்குச் செயலாளர்ங்கிறது உங்களுக்குத் தெரியும். போன வருஷம் கருக்கலைப்புச் சட்டம் பத்திச் செய்தி வந்தப்போ லோக்கல் சானல்ல உக்காந்து, எத்தனை பிள்ளைன்னு மனுஷன் முடிவு பண்ணக்கூடாதுன்னு நாப்பது நிமிஷம் பேசினேன். எதிர்ல இருந்த வக்கீலம்மாவை வாயைத் திறக்க விடலை. ஓட்டுக் கேட்டு வந்த மூணு கட்சிக்காரங்களையும் வாசல்லயே நிறுத்தி, நீங்க உயிருக்கு ஆதரவா எதிரான்னு கேட்டேன். பாவம், அவங்க ரோடு போடறதைப் பத்திப் பேச வந்தவங்க, மூணு பேருமே ஆதரவுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எஸ்டேட் பொண்ணுகளுக்கு இதைப் பத்தி வகுப்பும் எடுத்தேன். கத்தரீனாள்னு மூணு பிள்ளைக்காரி எழுந்து, நான் காய் எடுக்கப் போனா கைக்குழந்தைய யார் பாக்குறதுன்னு கேட்டா. ஆண்டவர் பாத்துக்குவார்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். இப்படி ஊருக்கே பேசின ஆளு, இப்போ வெக்கத்துல டீக்கடைப் பக்கம் போயி மூணு வாரமாச்சு.

டாக்டரம்மா, இந்த வயசுல பிள்ளைக்கு வளர்ச்சிக் குறை வர வாய்ப்பு அதிகம், ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாத்துட்டு வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்கன்னு சொன்னாங்க. சானல்னா இந்த இடத்துல மேசையத் தட்டியிருப்பேன். உங்ககிட்ட மறைக்கல அக்கா, வேண்டாம்னு ஒரு வழி இருக்குன்னு கேட்டதும் நெஞ்சுல பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. ஒரு நிமிஷந்தான். ஆனா அந்த நிமிஷத்துல இருதயம்மாள் என் மூஞ்சியப் பாத்துட்டா.

வீட்டுக்கு வந்து உலை வச்சிட்டுத்தான் சொன்னா: "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பிள்ளை எனக்கு வேணும். நீங்க சானல்ல பேசினதுக்காக இல்ல."

எப்படிப் பிறந்தாலும் நான் தூக்கி வளக்கிறேன்னு சொன்னேன்.

"தூக்குறதுக்கு ஆள் கிடைக்கும். துணி துவைக்கணும்."

அன்னைலேருந்து வீட்டுத் துணியெல்லாம் நாந்தான் துவைக்கிறேன். கை பழகட்டும்னு.

ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வர பத்து நாள் ஆச்சு. அந்தப் பத்து நாள்ல, நீ குழந்தைய யார்கிட்ட விட்டுட்டு வேலைக்கு வர்றேன்னு கத்தரீனாளைத் தேடிப்போய்க் கேட்டேன். மூத்தவ பள்ளிக்கூடம் போகாம பாத்துக்கிறாளாம். அவ முகத்தைப் பாக்க முடியலை. நேரா மேனேஜர்கிட்ட போயி, பூட்டிக் கிடக்கிற எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தைத் திறந்தாத்தான் ஆச்சுன்னு நின்னேன். பாஸ்கல் இவ்வளவு சுருக்கமா பேசி இன்னைக்குத்தான் கேக்கிறேன்னு சொல்லி, சாவியை எடுத்துக் கொடுத்துட்டார். திங்கக்கிழமை திறக்கிறோம்.

ரிசல்ட்ல பயப்பட ஒண்ணுமில்ல. ஜிஸ்மி திட்டுவாள்னு நினைச்சு, ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால போயி நின்னு போன் பண்ணினேன். ரொம்ப நேரம் சிரிச்சா. அப்புறம் என்னை விட்டுட்டு அம்மாவோட பிரஷர் எவ்வளவுன்னு கேட்டா.

உங்க ஜெபத்துல எங்களை நினைச்சுக்கோங்க. ஒரே ஒரு மன்றாட்டு. இந்த விஷயம் உங்களோட இருக்கட்டும். மடத்து மதருக்குக்கூடத் தெரிய வேண்டாம். இங்கே நான் ஒரு ஆளுக்கும் சொல்லலை, அஞ்சாறு மாசம் இப்படியே ஓட்டிடுவேன்.

மாதாவின் கரம் உங்கள் முழங்கால்மேல் இருப்பதாக.

தங்கள் தம்பி,
பாஸ்கல்

பி.கு: இன்னைக்கு ஞாயிறு பூசை முடிஞ்சதும் இருதயம்மாள் எழுந்து நின்னு, எனக்காக வேண்டிக்கோங்க, வயித்துல பிள்ளை இருக்குன்னு கோயில் பூராவுக்கும் சொல்லிட்டா. எல்லாரும் கை தட்டினாங்க. கடைசியில நானும் தட்டினேன். ஆகவே மேலே எழுதினதை விட்டுடுங்க. மதர்கிட்ட சொல்லுங்க, எல்லா சிஸ்டர்கிட்டயும் சொல்லுங்க. பின்னத் தெரிஞ்சவங்க சின்னதா ஒரு ஸ்வெட்டர் பின்னட்டும். இங்கே குளிர் அதிகம்.