சோல்டர் அண்ணையும் ஒரு 'டொப்'பும்

சத்தம் போட்டுப் பேர் எடுத்தவர்கள் உலகத்தில் ஏராளம். ஒரே ஒரு சத்தம் வராமல் இருப்பதற்காக மூன்று மாதம் சோறு தண்ணியை மறந்தவர், எனக்குத் தெரிந்து, ஒருவர்தான். எண்பதுகளின் கடைசியில், லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நாங்கள் நாலைந்து பேர் கூட்டாக வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்மாடி முன்னறை அவருடையது. பெயர் சோல்டர் அண்ணை. தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். தபால்காரருக்கு அது தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் றேடியோ திருத்தியவர், லண்டனில் பாண் சுடுகிற தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஆனாலும் கையை விட்டு ஈயத்தை உருக்கி வயர் ஒட்டுகிற அந்தச் சோல்டரிங் அயன் போகவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் "சுகமோ?" என்று கேட்பதற்கு முன்னரே அவர்களுடைய ரிவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுப்பார். அவருடைய அறையில், திங்கள் செவ்வாய் என்று கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டிகளில், கரண்டை மறிக்கிற பொடிச் சாமான்களான ரெசிஸ்டர்களைப் பிரித்து வைத்திருந்தார். எங்கள் கிற்றார்காரன் ரஞ்சன் ஒருநாள் தலையிடிக்கு மாத்திரை தேடிப் போய், புதன்கிழமைப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோய்விட்டான்.

"டேய் டேய்! அது பத்தாயிரம் ஓம்! விழுங்கினியெண்டால் உனக்குள்ள ஒண்டும் ஓடாது!" என்று பறித்தார். தலையிடி என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

எங்களிடம் ஒரு இசைக்குழு இருந்தது. ரஞ்சன் கிற்றார், நான் ட்ரம்ஸ், பாடுவது றீற்றா அக்கா. றீற்றா அக்கா மன்னாரிலிருந்து வந்து அப்போது ஒரு வருடம்தான். ஊரில் மாதா கோயில் பாடற்குழுவில் பாடியவர். இரண்டு தெரு தள்ளி, தமையன் வீட்டில் இருந்தார். வாயைத் திறந்து பேசுவது குறைவு, பாட்டுக்கு மட்டும் திறப்பார். எங்களுடைய வாசிப்பை அந்தக் குரலுக்காகத்தான் சனம் பொறுத்துக்கொண்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ரஞ்சனுக்குக் கிற்றார் கரகரவென்று முழங்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதற்குக் காலால் மிதிக்கிற ஒரு சின்னப் பெட்டி வேண்டும். பெடல் என்பார்கள். மிதித்தால் கரகரப்பு வரும், திரும்ப மிதித்தால் போய்விடும். "கடையில வாங்கிறதோ? நான் உயிரோட இருக்கேக்கையோ?" என்று சோல்டர் அண்ணை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் அதைச் செய்து கொடுத்தார். ரின்னின் மூடியில் மகாராணியின் அரண்மனைப் படம். அதன் வாசலில் சுவிச்.

ரஞ்சன் மிதிக்க மறுத்துவிட்டான். "அண்ணை, என்ர கேஸ் இன்னும் முடியேல்லை. அரண்மனையில மிதிக்கிறதை ஆரும் கண்டால் என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்!"

சோல்டர் அண்ணை கொஞ்சம் யோசித்தார். பிறகு ரின்னைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் புதிதாக ஓட்டை போட்டுச் சுவிச்சை மாற்றினார். எங்கள் அகதி வழக்குகளுக்கு அந்தக் காலத்தில் கிடைத்த மிகச் சிறந்த சட்ட உதவி அதுதான்.

பெடலின் அரங்கேற்றம் வட லண்டன் எட்மண்டனில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. றீற்றா அக்கா பல்லவி பாடி முடித்தார். ரஞ்சன் காலைத் தூக்கி மிதித்தான். ஆளுயர ஸ்பீக்கர் இரண்டிலும் 'டொப்' என்று ஒரு வெடி.

ஊரிலிருந்து வந்து ஒரு வருடம் ஆனவர்கள் மேசைக்குக் கீழே போய்விட்டார்கள். ஐந்து வருடம் ஆனவர்கள் தலையை மட்டும் குனிந்தார்கள். பத்து வருடம் ஆனவர்கள் வாயில் றோல்ஸோடு திரும்பிப் பார்த்தார்கள். யார் எப்போது லண்டன் வந்தவர் என்பதைப் பாஸ்போர்ட் பார்க்காமலே சொல்லியிருக்கலாம். பிறகு எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மாப்பிள்ளை கூடப் பெண்ணின் கதிரைக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே எழும்பினார்.

றீற்றா அக்கா சிரிக்கவில்லை. என்னுடைய பெரிய ட்ரம்முக்குப் பக்கத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். பாட்டு அவரில்லாமலே முடிந்தது. எழும்பி, சேலையைத் தட்டிக்கொண்டு, "தம்பி, இனி நான் மேடையில பாட மாட்டன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சோல்டர் அண்ணை அன்றைக்குக் கல்யாணச் சாப்பாட்டைத் தொடவில்லை. ரின்னைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்தவர், படியேறும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "என்ர சாமானாலயெல்லோ அந்தப் பிள்ளை பாட்டை விட்டது."

அன்று தொடங்கியது எங்கள் வீட்டுக்குச் சனி. பற்றறியை மாற்றினார். சுவிச்சை மாற்றினார். மேசை விளக்குச் சுவிச், வாசல் மணிச் சுவிச் என்று வீட்டில் அமத்தக்கூடியது எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு கிழமை முழுக்க வீட்டுக்கு வந்தவர்கள் கதவைக் கையால் தட்டினார்கள். பிறகு, பிரிஜ்ஜிலிருந்துதான் இந்தச் சத்தம் கரண்ட் வழியாக வருகிறது என்று முடிவுகட்டி, ஒரு சனிக்கிழமை காலை பிரிஜ்ஜின் வயரைக் கழற்றிவிட்டார். பெடல் ஓடுவது பற்றறியில் என்பதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. ஞாயிறு மத்தியானம் நான் கீழிருந்து கத்தினேன்.

"அண்ணை, பிரிஜ்ஜுக்குள்ள கணவாய் மீன் நாறுது!"

"நாறட்டும். சத்தம் போடேல்லைத்தானே!"

அடுத்த வைத்தியம் என் தலையில் விழுந்தது. ரஞ்சன் மிதிக்கும் அதே கணத்தில் நான் ட்ரம்மில் ஓங்கி அடித்து 'டொப்'பை மறைக்க வேண்டுமாம். பாட ஆளில்லாமல் வாத்தியம் மட்டுமாக, ஸ்ட்ரெதமில் ஒரு பிறந்தநாள் விழாவில் முயன்றோம். ரஞ்சனுடைய காலுக்கு எப்போது என்ன தோன்றும் என்று அவனுக்கே தெரியாது. நான் அவனுடைய சப்பாத்தையே பார்த்துக்கொண்டு, அது அசைந்த போதெல்லாம் அடித்தேன். விழா முடிந்ததும் ஒரு பெரியவர் என் தோளில் கைவைத்து, "தம்பி, வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று அன்பாக விசாரித்தார். சோல்டர் அண்ணை மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், வீட்டில் அந்தப் பெடல் தங்கமான பிள்ளை. ஒவ்வொரு முறை திருத்திய பிறகும் எங்களை மேலே கூப்பிடுவார். அமத்துவார். 'டொப்.'

"உது கணக்கில்லை. முதலாவதெல்லோ. தொண்டையைச் செருமுது. இனிக் கேளுங்கோ."

திரும்ப அமத்துவார். சின்னதாக ஒரு 'டப்.' பிறகு அதுவும் இல்லை. நாற்பது முறை அமத்துவார், நாற்பது முறையும் மௌனம். "கேக்குதோ?" "இல்லை அண்ணை." "அப்ப சரிவந்திட்டுது!" மேடைக்குக் கொண்டுபோவோம். டொப்!

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு றீற்றா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். தமையனுடைய மகளுக்கு அடுத்த மாதம் முதல் நன்மை, வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். கோயில் மண்டபத்தில் விருந்து. நாங்கள் வாசிக்க வேண்டும் என்று கேட்டார்.

"நீங்கள் பாடுறியளோ அக்கா?" என்றான் ரஞ்சன்.

"அவளும் அதைத்தான் கேக்கிறாள். மாமி பாடினால்தான் கேக் வெட்டுவன் எண்டு நிக்கிறாள்." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "எனக்கு ஏலாது தம்பி. பாடேக்க எப்ப வெடிக்கும் எண்டுதான் மனம் நிக்கும்."

அதற்குள் சோல்டர் அண்ணை ரின்னும் கையுமாகப் படியிறங்கி ஓடிவந்தார். "தங்கச்சி, சரிவந்திட்டுது! ஒருக்காக் கேளுங்கோ!" அவசரமாக ரஞ்சனின் கிற்றாரையும் ஸ்பீக்கரையும் கொழுவி அமத்தினார். 'டொப்!' றீற்றா அக்கா படிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உது கணக்கில்லைத் தங்கச்சி, முதலாவது. இனிக் கேளுங்கோ." அமத்தினார், அமத்தினார், அமத்திக்கொண்டே இருந்தார். சத்தமில்லை.

றீற்றா அக்கா பொறுமையாக நின்று பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அண்ணை, பயப்பிடுறவைக்கு முதலாவதுதான் கணக்கு. மற்றதுகளுக்கு ஆர் பயப்பிடுறது?"

சோல்டர் அண்ணையின் விரல் சுவிச்சின் மேலேயே நின்றுவிட்டது. மூன்று மாதமாக அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருந்தது சத்தம் வராத நாற்பதைத்தான். கேட்ட ஒன்றைத் தள்ளிவைத்திருந்தார். வந்தவருக்குப் 'போயிட்டு வாங்கோ' கூடச் சொல்லாமல் மேலே ஏறிப்போனார்.

அதன் பிறகு அவர் அடுத்தடுத்து அமத்துவதையே நிறுத்திவிட்டார். பெடலைச் சும்மா வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் காத்திருந்து ஒருதரம். பிறகு மூன்று மணித்தியாலம் விட்டு ஒருதரம். இடையில் ரஞ்சனின் கை அந்தப் பக்கம் போனால் பாண் வெட்டுகிற கத்தியோடு நின்றார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

"கூட நேரம் சும்மா கிடந்தால் சத்தம் கூடுதடா! உள்ளுக்க இருக்கிற கப்பாசிற்றர் சும்மா கிடக்கேக்க ஒரு பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக் கரண்ட் சேர்க்குது. சேர்ந்ததெல்லாம் முதல் அமத்தில ஒரேயடியாப் பாயுது. நான் நாப்பது தரம் அமத்தினால் பிறகு பாய என்ன இருக்கு? விசரன் நான்!"

வைத்தியம் அரிசி மணியளவில் இரண்டு ரெசிஸ்டர். சேர்கிறது சேரச் சேர, ஆருக்கும் கேட்காமல் எர்த்துக்கு வழிந்து போகட்டும் என்று உள்ளே வரும் பக்கம் ஒன்றும் வெளியே போகும் பக்கம் ஒன்றுமாக வைத்தார். இரண்டும் சனிக்கிழமைப் பெட்டியில் இருந்தவை. பிறகு "தொடாதே" என்று எழுதி ஒட்டி, பெடலை இரண்டு நாள் அப்படியே விட்டார். மூன்றாம் நாள் நாங்கள் எல்லோரும் சுற்றிவர நிற்க, கண்ணை மூடிக்கொண்டு அமத்தினார். ஒன்றுமில்லை. ரஞ்சன் ஏமாற்றத்தோடு, "அண்ணை, பெடல் பழுதாப் போச்சு" என்றான். கிற்றாரைத் தட்டிப் பார்த்த பிறகுதான் அவனுக்கு நம்பிக்கை வந்தது. அது கரகரவென்று முழங்கியது.

றீற்றா அக்காவிடம் போய்ச் சொன்னோம். "பாப்பம்" என்றார்.

முதல் நன்மை விருந்தன்று சோல்டர் அண்ணை கோட் போட்டு வந்து, மேடை ஓரத்தில், றீற்றா அக்காவின் கண்ணுக்குப் படுகிற இடத்தில் தரையில் உட்கார்ந்தார். பெடல் அவர் முன்னால். ரஞ்சனுடைய காலை நம்ப அவர் தயாராக இல்லை. பல்லவி முடிந்ததும் றீற்றா அக்காவைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார். அக்காவின் கை மைக்கை இறுக்கியது. அண்ணை உள்ளங்கையால் அமத்தினார்.

ஒரு சத்தமும் இல்லை. கிற்றார் முழங்கியது. அக்கா ஒரு மூச்சு எடுத்துச் சரணத்தைப் பிடித்தாரே, அந்த வெள்ளைச் சட்டைக்காரி துள்ளிக் குதித்ததைப் பார்க்க வேண்டும். மண்டபம் கைதட்டி ஓயவில்லை. நானும் அன்றைக்கு எவருடைய சப்பாத்தையும் பார்க்காமல் நிம்மதியாக வாசித்தேன்.

கேக் வெட்டிய பிறகு, மண்டபத்துச் சமையலறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்ற என்னிடம் சோல்டர் அண்ணை இரகசியமாகக் கேட்டார்: "பாட்டு நல்லா இருந்ததோ?"

"ஏன் அண்ணை, நீங்கள் முன்னுக்குத்தானே இருந்தனீங்கள்?"

"நான் பாட்டைக் கேக்கேல்லையடா. அந்தச் சத்தம் வருதோ எண்டெல்லோ கேட்டுக்கொண்டிருந்தனான்."

பின்னால் றீற்றா அக்கா தேநீர்க் கோப்பையோடு நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. அவர் கோப்பையை வைத்தார். ஓடிக்கொண்டிருந்த குழாயைப் பூட்டினார். மைக் இல்லை, கிற்றார் இல்லை, ஒன்றுமில்லை. அந்தப் பாட்டை முதலிலிருந்து அண்ணை ஒருவருக்காகவே பாடினார். சோல்டர் அண்ணை கோட் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, பூசையில் நிற்பது போல நேராக நின்று கேட்டார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது, கையில் தட்டோடு அங்கே நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.