காந்தக் கருவிக்குப் பூட்டு போட்ட கதை

வேலை போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. தோளில் இரும்புச் சங்கிலியோடு பாலிக் புலாவ் மலைச்சாலையில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். எதையும் சந்தேகப்படுகிறவன் ஏமாறமாட்டான் என்று அதுவரை நம்பியிருந்தேன். (இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவனுக்கு வேறு என்ன சொத்து?)

அந்த வாரம் ஒரு ஹெலிகாப்டர் டுரியான் பழத்தோட்டங்களுக்கு மேலே கோடு போட்டதுபோல் போய்ப்போய் வந்தது. மண்ணுக்கடியில் என்ன பாறை என்று அதன் காந்தத்தை அளந்து வரைபடம் போடுகிறார்களாம். பூமியின் காந்தம் நாள் முழுக்கக் கூடிக் குறையுமாம். அதைக் குறித்துக்கொள்ளத் தரையில் ஒரு கருவி. அதற்குக் காவல் நான்.

"தம்பி, இரும்பு எதுவும் கிட்ட போகக்கூடாது லா. பெல்ட்டையும் கழட்டிடுங்க," என்றார் பொறியாளர் மேரி அக்கா.

இரும்பு வேண்டாம் என்றால் பூட்டு வேண்டாம். பூட்டு வேண்டாம் என்று எவன் சொல்வான்? திருடன்தான். முன்பு பத்து காவான் என்ற ஊரில் நான் வேலை பார்த்த கிடங்கில் சாமான் காணாமல் போனபோது என்னைத்தான் மூன்று நாள் போலீஸில் உட்காரவைத்தார்கள். இவர்களும் கருவியைத் தூக்கிவிட்டு என்னைக் கைகாட்டப் போகிறார்கள் என்று முடிவுகட்டினேன். ஒரு மீனவரிடம் சங்கிலி இரவல் வாங்கி, விடிந்ததும் கருவியின் கம்பத்தைச் சாதிக்காய் மரத்தோடு கட்டிப் பூட்டினேன்.

மத்தியானம் மேரி அக்கா கணினியைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

"காலையில பறந்தது பூரா வீண்! என்ன செஞ்சீங்க?"

"பாதுகாப்பு செஞ்சேன்கா."

"யாருகிட்டேருந்து?"

"உங்ககிட்டேருந்துதான்."

(உண்மை பேசுவது என் இன்னொரு கெட்ட பழக்கம்.)

மலையிறங்கி வந்தால், அடிவாரக் காப்பிக்கடையில் தோட்டக்காரர்கள் கூட்டமாக இருந்தார்கள். "தங்கம் தேடுறானுங்க. அப்புறம் நெலத்தப் புடுங்குவானுங்க. நாளைக்கி அந்தக் கருவிய ஒடைக்கிறோம்," என்றார் கடைக்கார அண்ணன்.

உடைந்தால் போலீஸ் முதலில் தேடுவது, இன்று துரத்தப்பட்டவனைத்தான். ஒரு மணி நேரம் பாறை, காந்தம், வரைபடம், போன என் வேலை என்று தொண்டை வறளப் பேசினேன்.

"அப்ப ஒன்னை ஏன் தொரத்துனாங்க?" என்றார் கடைக்கார அண்ணன்.

"நானும் ஒங்கள மாதிரியேதான் நெனச்சேண்ணே."

கடையே சிரித்தது. கருவியை உடைக்கும் பேச்சு அதோடு போயிற்று. தேநீர் வாங்க வந்த மேரி அக்காவும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் காலை அவர் எனக்குப் புதிய வேலை கொடுத்தார்: வீடு வீடாகப் போய், ஹெலிகாப்டர் தங்கம் தேடவில்லை என்று சொல்வது. முதல் வீட்டில் கதவைப் பாதி மட்டும் திறந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டாள்: "இப்படிச் சொல்லச் சொல்லி ஒங்கள யாரு அனுப்புனா?"

அவளைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். நான் என்ன காரணம் சொன்னாலும், வீட்டில் இன்றைக்கும் அதே கேள்விதான்.