புத்திக்கு வயது பார்ப்பவர்

மாட்டுங்காவில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் முளைக்கிற ஒரு ஜீவராசியை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து, மனோதத்துவப் புத்தகத்தில் முதல் மூன்று அத்தியாயங்களை மட்டும் முடித்திருக்கும் வாலிபர். நான்காவதையும் படித்தவர்களால் இவ்வளவு தொந்தரவில்லை.

அம்மா இன்னொரு கரண்டி ரசம் விட்டால் அது பாசமல்ல, உள்ளூர இருக்கும் பயம். அப்பா செருப்பைத் தேடினால் அது மறதியல்ல, ஆபீசுக்குப் போக அடிமனத்துக்கு இஷ்டமில்லை. லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் பிடித்தவன், நகம் கடிப்பவன், கொட்டாவி விடுபவன், எல்லோருக்கும் இவரிடம் ஒரு பெயர் தயார். அவரவர் சொந்தப் பெயரைத் தவிர.

வேங்கடசுப்ரமணியன் இந்த ஜாதியில் உயர்ந்த ரகம். பயிற்சிக்காக அவரைத் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரமே இசக்கி என்ற எட்டு வயதுப் பெண்ணை உட்கார்த்தி வைத்துப் புத்தியை அளந்தார். வீட்டில் தனியாக இருக்கிறாய், யாரோ கதவைத் தட்டினால் என்ன செய்வாய்? கதவு இல்லை, சாக்குதான் தொங்குகிறது என்றாள். தப்பு. மழை வந்தால்? அரிசி டப்பாவைத் தூக்கிக் கட்டில் மேல் வைப்பாளாம். குடை பிடிப்பேன் என்றல்லவா புத்தகத்தில் இருக்கிறது? அதுவும் தப்பு. எட்டு வயதுப் பெண்ணுக்கு ஐந்து வயதுப் புத்தி என்று கணக்கு வந்தது. பெற்றவளுக்குத் தெரிவிப்பது ஆசிரியர் கடமையல்லவா? தெரிவித்தார். மிகவும் இதமாக.

திங்கட்கிழமை இசக்கி வரவில்லை. தேடிப் போனார். குடிசை வாசலில் தாய் பேராச்சி முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகளும், முழங்கை வரை மாவு.

"நீங்கதான சார் சொன்னிய, அஞ்சு வயசுப் புத்தின்னு? அம்புட்டுத்தான் புத்தின்னா அந்தப் புள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? முறுக்காவது சுத்தட்டும்."

அவர் விளக்கினார். அளவுகோல் என்றார், சூழ்நிலை என்றார், சராசரி என்றார். விளக்க விளக்கப் பேராச்சிக்கு அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. இவ்வளவு படித்தவர் சொன்னது பொய்யாகுமா? இசக்கி இரண்டு முறுக்கு முடித்துவிட்டு மூன்றாவதற்கு மாவை எடுத்தாள்.

வியர்த்து விறுவிறுத்து, எந்த அத்தியாயத்திலும் இல்லாத ஒரு வாக்கியத்தை வேங்கடசுப்ரமணியன் கடைசியில் சொன்னார். "நான் தப்பாச் சொல்லிட்டேம்மா. நன்னாப் படிக்கற பொண்ணு. அனுப்புங்கோ."

பேராச்சி கையை நிறுத்தினாள். அவர் முகத்தையே பார்த்தாள். கிண்டல் துளியும் இல்லாமல், நிஜமான அக்கறையோடு கேட்டாள்:

"அப்பம் ஒங்களுக்கு எத்தன வயசுப் புத்தி, சார்?"

பதிலுக்குக் காத்திராமல் மகளைக் கை கழுவப் போகச் சொன்னாள்.

வாசகரே, வேங்கடசுப்ரமணியன் ஏன் இப்படி ஆனார் என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். வீட்டில் செல்லம் அதிகமோ, தாழ்வு மனப்பான்மையோ. அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமலே. தாராவிப் பக்கம் போனால் அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போங்கள். பேராச்சி உங்களையும் கேட்டுவிடுவாள்.